வாய்க்கால் வழுக்கலும் என் உத்தியோகமும்

மற்ற உத்தியோகங்களில் வழுக்கி விழுந்தால் அவமானம். தண்ணீர்த்தொட்டி பார்க்கிற உத்தியோகத்தில் விழாமல் ஒரு கிழமை போனால் அதுதான் அதிசயம். பாசி சுரண்டிக் கைத்தோல் உரிந்த அன்பர்களே, உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் எனக்கு வேலை. துலாவால் இறைத்த தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து சீமெந்து வாய்க்கால் வழியாகக் குளிக்கிற கீழ்த்தொட்டிக்கு ஓடும். வாய்க்காலைப் பாசி வழுக்கல் இல்லாமல் வைத்திருந்தால் மூன்று மாதத்தில் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. கலியாணம் பேசி முடித்திருந்த நேரம், வீட்டுக்கு அனுப்பினால் பெண்ணும் போய்விடும் என்று பயந்தேன்.

பலகை தூக்கிய வீரம்

மேல்தொட்டியின் வாயை அடைக்கிற பலகையை முழுதாகத் தூக்கித் தண்ணீரைச் சீறவிட்டால் வழுக்கல் அடிபட்டுப் போகும் என்பது என் நினைப்பு. ஒரு கிழமை சீறவிட்டேன். அது மெலிந்ததே தவிரப் போகவில்லை; தோல்மாதிரி சீமெந்தோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டிய தென்னந்தும்பு தேய்ந்தது, என் நகமும் தேய்ந்தது. பானை கழுவ வந்த சமையற்காரி செல்லம்மாக்கா நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ உந்த வழுக்கலைக் கழுவேல்லைத் தம்பி, தட்டித் தட்டி இறுக்கிவிடுறாய்."

வால்

சரி, பலகையைப் பாதியாக இறக்கினேன். இப்போது வழுக்கலில் நூல் நூலாக வால் முளைத்து, ஓட்டத்தோடு நெளிந்தது. தண்ணீர்ப்பாம்பு என்று பிள்ளைகள் சோப்பும் கையுமாக ஓடினார்கள். விடுதிப் பொறுப்பாளரான மேற்றன் அம்மா வந்து, குடை நுனியால் ஒரு வாலைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "உதுக்கு வால் முளைச்சிட்டுது. உமக்கு இன்னும் புத்தி முளைக்கேல்லை."

கடைசி நாள்

ஆனால் புத்தி முளைத்தது. தண்ணீர் மெல்ல நகர்கிற மூலையில் மட்டும் வழுக்கல் தடித்து, பொதபொதவென்று விரல் பட்டாலே கழன்று வந்தது. ஆகவே சுரண்டுவதை விட்டேன். பத்து நாள் தண்ணீரைக் கசியவிட்டு, வழுக்கலை வாய்க்கால் முழுதும் கொழுக்க வைத்தேன். மூன்றாம் மாதத்தின் கடைசி நாள், வேலையை நிரந்தரமாக்குகிற மனேச்சர் ஐயா பார்வையிட வருகிற காலையில், பலகையைச் சட்டென்று முழுதாகத் தூக்கினேன். அவ்வளவும் பாய் சுருட்டினமாதிரி கழன்று ஓடியது! வெள்ளைச் சீமெந்தைக் கண்டு நான் துள்ளிக் குதித்தேன். கழன்றது எங்கே போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கோப்பாய் வீதிப் புழுதியோடு வந்து இறங்கிய மனேச்சர் ஐயா, நேரே கீழ்த்தொட்டிக்குப் போய் முகம் கழுவக் கையை விட்டார். இரண்டு கையும் நிறைய வழுக்கல் வந்தது. மேற்றன் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கலியாணமே கண்ணுக்கு முன்னால் மிதந்து போனது.

"உது எங்கையிருந்து வந்தது?" என்றார் மனேச்சர் ஐயா.

"வாய்க்காலிலையிருந்து, ஐயா."

அவர் வாய்க்காலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கையை உதறிக்கொண்டு சொன்னார்: "அப்ப வாய்க்கால் துப்புரவு. நாளைக்கு வந்து தொட்டியையும் துப்புரவாக்கும்."

அந்த 'நாளைக்கு' பதினொரு வருஷம் நீண்டது: மேற்றன் அம்மா எவ்வளவு வேகமாகச் சீறினாரோ, நானும் அவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொண்டேன்.