இடது பக்கம் சாய்ந்த பாட்டு

எங்கள் விடுதியில் என் அறைத்தோழிக்குப் பாம்புக்காது என்று பெயர். வார்டன் அம்மா கீழே முதல் படியில் கால் வைக்கும்போதே, "செருப்பு புதுசு, ஆனா ஆள் அவங்கதான்" என்பாள். நாங்கள் கெட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வோம். அவள் இருந்தவரை எங்கள் அறை ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை.

அவள் ஒலிப்பதிவு படித்தாள், நான் வணிகவியல். எனக்குப் பாட்டு என்றால் பஸ்ஸில் ஓடுவது. டிரைவர் நிறுத்தினால் என் ரசனையும் நின்றுவிடும். அவளோ ஒரு பாட்டைக் கேட்டால், கிடார் இந்த ஓரத்தில், டிரம்ஸ் அதற்குப் பின்னால், பாடுகிறவள் மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி என்று குரூப் போட்டோவில் ஆள் காட்டுவது போலச் சொல்லுவாள். "எனக்கு ஒருத்தரையும் காணோமேடி" என்பேன். "உனக்குக் காது இருக்கறதே மூக்குக்கண்ணாடி மாட்டத்தான்" என்பாள்.

அவளுடைய அப்பா தையல்காரர். பாட்டு கேட்பதற்கு ஒரு படிப்பா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர். அவரிடம் அவள் ஒரே ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள்: கடைசி வருடம் பெரிய ஸ்டுடியோ ஒன்றில் பயிற்சிக்குப் போவேன், அங்கேயே வேலையும் வாங்குவேன். அந்த ஸ்டுடியோ அவர்கள் வகுப்பிலிருந்து ஒருவரைத்தான் எடுக்கும். அவரவர் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, ஒன்றாகக் கலந்து கொடுக்கும் ஒரு பாட்டை வைத்துத்தான் வாத்தியார் ஆளை முடிவு செய்து பேரை எழுதி அனுப்புவார். அது அவளாகத்தான் இருக்கும் என்று வகுப்பே பேசிக்கொண்டது.

மழைக்காலத்தில் எங்கள் அறையில் எல்லோருக்கும் சளி பிடித்தது. அவளுக்கு ஒருநாள் காலையில் இடது காது அடைத்துக்கொண்டது. உள்ளே ஏதோ விசில் அடிக்கிறது என்றாள். அதே வாரம் அவளுடைய பழைய ஹெட்ஃபோன் மேல்கட்டிலிலிருந்து தரையில் விழுந்தது. எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, "லெஃப்ட் செத்துடுச்சு" என்று உதட்டைப் பிதுக்கினாள். சளி போன பிறகும் லெஃப்ட் பிழைக்கவில்லை. விழுந்த பொருள் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அதன்பிறகு அவள் கலந்த பாட்டுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தன. வாத்தியார் வகுப்பில் வைத்தே கேட்டார்.

"என்னம்மா இது, எல்லாரும் லெஃப்ட்ல போய் நின்னுட்டாங்க? ரைட்ல யாருக்காவது அம்மையா?"

"ஹெட்ஃபோன் சார். லெஃப்ட் கம்மியா கேக்குது. அதான் ஏத்தி வச்சிட்டேன்."

"அப்ப முதல்ல அதை மாத்து. கடைசி பாட்டும் இப்படி வந்தா, என்னால உன் பேரை எழுத முடியாது."

அன்றிலிருந்து எங்கள் அறையில் வேறு பேச்சே கிடையாது. வயர் இல்லாதது வேண்டாமாம், சத்தம் ஒரு நொடி பிந்தி வருமாம். பாஸ் என்கிற அடிச்சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பது வேண்டாமாம், அது சர்க்கரை போட்டு ஏமாற்றுவதாம். காதை முழுக்க மூட வேண்டும், ஆனால் வியர்க்கக் கூடாது. வயரும் மெத்தையும் தனித்தனியாகக் கழன்று வர வேண்டும், ஒன்று போனால் முழுவதையும் தூக்கிப்போட முடியாது. இத்தனையும் மாணவி ஒருத்தியின் காசுக்குள் அடங்க வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காசுக்காக மாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் போய் நின்றாள். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். நடுநடுவே வகுப்பில் இரவல் வாங்கி வந்து மாட்டிப் பார்ப்பாள். ஒவ்வொன்றிலும் ஒரு குறை. இது மலிவு, லெஃப்ட் சரியில்லை. அது பழசு, லெஃப்ட் சரியில்லை. பிறகு வயரை மாற்றினாள், மடிக்கணினியின் ஓட்டையைச் சுத்தம் செய்தாள், ஏதோ மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். சத்தத்தோடு பிழைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். கோளாறு என்றால் முதலில் வயர், பிறகு மெஷின், பிறகு மின்சார வாரியம். தன் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருவி மட்டும் அந்தப் பட்டியலில் வராது. எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த எரிச்சல் எதன்மேல் என்று தெரியவில்லை.

ஒருவழியாகக் காசு சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை காலை மின்சாதனக் கடைத்தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் தேடிவைத்த கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டத் தயங்காத நல்ல மனிதர். அவள் தன் ஃபோனில் தானே பதிவுசெய்த பாட்டைப் போட்டு முதல் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"இதுல லெஃப்ட் டல்லா இருக்குண்ணா."

இரண்டாவது வந்தது. அதிலும் டல். மூன்றாவது, அவள் இத்தனை நாள் படம் பார்த்து ஏங்கிய அதே மாடல். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது முகம் விழுந்திருந்தது.

"இதுவுமா?" என்றேன்.

கடைக்காரர் கையை நீட்டி வாங்கித் தான் மாட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாதாம்மா இருக்கு. வேணும்னா நீயே திருப்பிப் போட்டுப் பாரு. குறை இதுலன்னா இந்தக் காதுக்கு மாறிடும்ல."

அவள் ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். மறுபடி நேராக மாட்டினாள். மறுபடி திருப்பினாள். அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குறை பக்கம் மாறவே இல்லை.

"நல்ல பீஸ்ண்ணா. இதையே குடுத்துடுங்க" என்றாள். பேரம்கூடப் பேசவில்லை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அவள் விரல் ஓயாமல் அழுத்தியது. இடது காதுக்கு மாற்றியதும் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, அழுத்துடி, சும்மாவாவது அழுத்துடி என்று மனதுக்குள் கத்தினேன்.

காது டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. "எப்ப இருந்தும்மா இப்படி?" என்றார்.

"மழைக்காலத்துல இருந்து."

"ஏன் இவ்வளவு நாள் வரல? இது சளி இல்லம்மா, நரம்பு. திடீர்னு இப்படி ஆச்சுன்னா முதல் வாரமே, மிஞ்சினா ஒரு மாசத்துக்குள்ள ஓடி வரணும். அப்ப மருந்து குடுத்தா நிறைய பேருக்குத் திரும்பி வந்துடும்."

"இப்ப?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இப்ப ரொம்ப லேட்டும்மா. மேல சில டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம். ஆனா பெருசா எதிர்பாக்காத."

"ஹெட்ஃபோனுன்னு நெனச்சேன் டாக்டர். நல்லதா ஒண்ணு வாங்கிட்டா சரியாயிடும்னு காசு சேத்துக்கிட்டு இருந்தேன்."

மருந்து பலிக்கக்கூடிய நாட்களில் அவள் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்கக் கண்ணில் பட்டவர்களை எல்லாம் திட்டினேன்.

பாட்டைக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. விவரத்தை வாத்தியாரிடம் சொல்லு என்று எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன்.

"சொன்னா பாவம்னு ஒரு பார்வை பாப்பாரு. அப்புறம் வேற ஒருத்தர் பேரை எழுதுவாரு" என்றாள்.

"அதான் ஸ்க்ரீன்ல ரெண்டு பக்கச் சத்தத்தோட அளவும் ஓடுதே. அதைப் பாத்துப் பண்ணு."

"அது எவ்வளவுன்னு காட்டும், எங்கன்னு காட்டாது. ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டா லெஃப்ட்ல என்ன இருக்குன்னும் தெரிஞ்சுக்குவேன். ரெண்டும் சேந்தா ஆளுங்க எங்க நிக்கிறாங்கன்னுதான் தெரியல. முன்னாடி ஒரு அறையே தெரியும்டி. இப்ப எல்லாரும் ஒரே சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

சொல்லிவிட்டு அந்தப் புது ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினாள். மெத்தை காதை மெத்தென்று மூடிக்கொண்டது. மத்தியான வெயிலும், வராந்தாவில் வாளி இழுபடும் சத்தமும் தூரப் போயின.

"கண்ணை மூடிக்கோ. பாடறவ எங்க நிக்கிறா?"

"தலைக்குள்ள."

"தலைக்குள்ள எங்க?"

"எனக்கு எப்படிடி தெரியும்?" என்று சீறினேன். அவள் கோபப்படவில்லை. மடிக்கணினியில் எதையோ மெல்ல நகர்த்தினாள்.

"இப்ப?"

"இந்தப் பக்கம் வந்துட்டா."

"இப்ப?"

"போயிட்டா. இல்ல... இருக்கா."

மாலைவரை இப்படியே போனது. அவள் கேட்கக் கேட்க, கிடாரையும் டிரம்ஸையும் நான் குருட்டாம்போக்கில் இடம் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சொன்ன இடத்தில் எல்லாம் அவர்களை நிறுத்தினாள். கடைசியாகப் பாடுகிறவள் மட்டும் மிஞ்சினாள்.

"நல்லாக் கேட்டுச் சொல்லு. நடுவுல நிக்கிறாளா?"

கண்ணை இறுக்கி மூடிக் கேட்டேன். பாட்டு அழகாக இருந்தது. அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நடுவுலதான் நிக்கிறா" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, பாம்புக்காது அந்தப் பாட்டை அப்படியே வாத்தியாருக்கு அனுப்பினாள்.