வாய்வு என்று சொன்ன வாப்பா

தந்தவனே எடுத்துக்கொண்டான், அவனுக்கே எல்லாப் புகழும். எங்கள் அருமை வாப்பா பிரிந்து ஆண்டொன்று நிறைகிறது. அவர்களுக்காக ஓதும் கத்தத்துக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறேன். நான் அவர்களின் கடைசி மகள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாவடிப்பள்ளியில் பிறந்த வாப்பா, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார்கள். கூலிக்கு வரம்பு கட்டி வளர்ந்து, உம்மாவைக் கைப்பிடித்துக் கல்முனைக்கு வந்து, நாவிதன்வெளி வயல்களில் தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டைவிதானையானார்கள். வாய்க்காலில் தண்ணீர் இறங்கினால் சண்டையும் கூடவே இறங்கும். எவர் ஏசினாலும் வாப்பா திருப்பி ஏசமாட்டார்கள்; கோபத்தை விழுங்கிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார்கள். சமாதானமான வீட்டில் வெற்றிலை வட்டாவில் இன்னொரு சிகரெட் வரும், டின்பால் தேநீர் வரும், நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் வரும். வேண்டாமென்றால் வீட்டார் மனம் நோகுமாம்! ஊரார் மனம் நோகாமல் பார்த்த வாப்பாவின் நெஞ்சுதான் நொந்தது.

நெஞ்சு இறுகும்போதெல்லாம் கையால் தடவிக்கொள்வார்கள்.

"சும்மா வாய்வு மகள். இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ தா."

"ஆஸ்பத்திரிக்குப் போவமே வாப்பா?"

"வெள்ளாமை வெட்டட்டும். மறுகா பாப்பம்."

வெள்ளாமை வெட்டுமுன் வரம்பிலேயே சாய்ந்துவிட்டார்கள். பக்கத்து வயல் சொறிக்கல்முனைச் சகோதரர்தான் உழவு மெஷினில் ஏற்றி, மடியில் தலையைத் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வார்டில் டொக்டர் ஒவ்வொன்றாக விசாரித்தார். சிகரெட், சாப்பாடு, நித்திரை, கவலை. கடைசியில் வாப்பாவிடம் கேட்டார்:

"உங்கட வாப்பாவுக்கும் இருதய வருத்தம் இருந்ததா?"

"இல்ல ஐயா, அவருக்கு வாய்வு. களத்துல சூடடிக்கக்குள்ள நெஞ்சப் புடிச்சிக்கிட்டுக் குந்தினவர், அப்படியே மௌத்து."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அது வாய்வில்ல" என்றார் மெதுவாக.

வாப்பா என் பக்கம் திரும்பினார்கள். "இவ்வளவு காலமும் எங்கட வாப்பாட வருத்தத்தையே மாத்திச் சொல்லிட்டமே மகள்" என்று விம்மினார்கள். அவர்கள் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

அதன்பின் சிகரெட்டைத் தொடவில்லை. உப்பில்லாக் கஞ்சியையும், "உங்க உம்மாட கைப்பக்குவம், குறை சொல்லப்படாது" என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு குடித்தார்கள். என்ன செய்ய, காலம் கடந்திருந்தது. கலிமா நாவிலிருக்க, உம்மாவின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினார்கள். அவர்கள் துயிலும் கப்றை இறைவன் விசாலமாக்குவானாக.

மெஷின் ஓட்டிய சகோதரருக்கும், வார்டில் பார்த்த டொக்டருக்கும் தாதிமாருக்கும், மையித்தைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்றைய சஹன் சோற்றில் மாட்டிறைச்சி இல்லை, வட்டாவில் சிகரெட்டும் இல்லை. கோபிக்காதீர்கள்.

இனி என் உடன்பிறந்த மூத்தவரான காக்காவுக்கு ஒரு வார்த்தை. போன மாதம் நீங்கள் நெஞ்சைத் தடவியதை அடுப்படியிலிருந்து கண்டேன். "வாய்வு" என்றீர்கள். நேரில் சொன்னால் "மறுகா பாப்பம்" என்பீர்கள். அதனால்தான் ஊரே படிக்க அச்சில் போட்டிருக்கிறேன். கத்தம் முடிந்த மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே அதே கேள்வியைக் கேட்பார்கள். "ஓம், எங்கட வாப்பாவுக்கு இருந்தது" என்று சொல்லுங்கள் காக்கா.