கஞ்சிக்கு முன் ஜெபம்

பக்கவாதம் வந்து என் கணவரின் வலப்பக்கம் செயலிழந்த பிறகு, வீட்டில் ஜெபம் பண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை அது அவருடைய வேலை. எங்கள் சபையில் மூப்பராக இருந்தவர். அவர் ஜெபித்தால் கல்நெஞ்சுக்காரனும் அழுவான். இப்போது அவர் வாயிலிருந்து வருவது குழறலாக ஒன்றிரண்டு சொல்தான். கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்.

எனக்கோ ஜெபம் செத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரி நடைவழியில் நான் கதறியதற்குப் பதில் வரவில்லை. அப்புறம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிற வழியில் கேட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஃபெர்ரியில் போகும்போது கேட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுது கேட்டேன். ஒன்றுமில்லை. வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கையை உயர்த்திப் பாடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வரும். சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையாகவும் இருக்கும்.

சபை அக்கா ஒருத்தி பழம் வாங்கிக்கொண்டு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்தாள். வறட்சிக் காலத்தில்தான் வேர் ஆழமாகப் போகுமாம். வேர் இருந்தால்தானே போகும்? எனக்கு வந்த கோபத்துக்கு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஆனாலும் அவர் முன்னால் மட்டும் விடாமல் ஜெபித்தேன். "அன்பின் பரலோகத் தகப்பனே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தால் நாக்கு தானாக ஓடும். மனசு அடுப்படியில் இருக்கும். கை போய், கால் போய், பேச்சும் போன மனுஷருக்கு மிஞ்சியது விசுவாசம் ஒன்றுதான். என் வாயால் அதுவும் போய்விட்டால்? அந்தப் பயத்தில்தான் வேஷம் போட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, இனிமேல் பெரிய முன்னேற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் கஞ்சியை வைத்துக்கொண்டு வழக்கம்போல் தொடங்கினேன். ஸ்தோத்திரம் என்ற சொல்லுக்கு நாக்கு வளையவில்லை. அதற்குப் பிறகு வந்தது நான் யோசித்துப் பேசியதல்ல.

"எங்க போயிட்டீங்க ஆண்டவரே? இந்த மனுஷன் உங்களுக்கு என்ன குறை வெச்சாரு? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. இருக்கீங்களா இல்லையா, அதையாவது சொல்லுங்க லா."

வாயை மூடிய பிறகுதான் என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று உறைத்தது. கண்ணைத் திறக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவருடைய இடக்கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பார்த்தால், அவர் அழுதுகொண்டிருந்தார். ரொம்ப நாளாக எனக்கு ஜெபிக்கவே வரவில்லை, எல்லாம் நடிப்பு என்று சொல்லிவிட்டேன்.

வாய் கோண, எச்சில் வழிய, ஒவ்வொரு சொல்லாக இழுத்து அவர் பேசினார்.

"எனக்கும்... பதில் ஒண்ணும்... கேக்கல மா. நீ... ஒடஞ்சிடுவன்னு... கண்ண மட்டும்... மூடிக்குவேன்."

பாவி மனுஷா என்று திட்டிக்கொண்டே அவர் வாயைத் துடைத்துவிட்டேன். கஞ்சி ஆறிப்போனது. எங்கள் இருவரையும் கைவிட்டுவிட்டதாக நாங்கள் நினைத்த அந்த ஆண்டவரிடமே இருவரும் முறையிட்டோம். நான் சத்தமாக, அவர் குழறலாக. பதில் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. அவர் ஜெபிக்க நான் கேட்டிருக்கிறேன், நான் ஜெபிக்க அவர் கேட்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஜெபித்தது அன்றுதான்.