சகலையின் வண்டி

அடுத்தவருடைய வண்டியை எத்தனை விதமாகப் பார்க்காமல் இருக்க முடியும் என்பதை நான் என் அப்பாவிடம்தான் பார்த்தேன். பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றதும் அப்பா செய்தித்தாளை விரிப்பார். பக்கம் புரளாது. பெரியப்பா உள்ளே வந்து உட்கார்ந்து பேச்சு சூடு பிடித்ததும், "தண்ணி வருதான்னு பாத்துட்டு வரேன்" என்று அப்பா வெளியே போவார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரியும். எஞ்சினுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல், அதன் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். குளிர் காய்கிறவர் போல.

பெரியப்பா என்றால் அம்மாவின் அக்கா கணவர், அப்பாவுக்குச் சகலை. மருந்து கம்பெனி விற்பனையாளர். வாய் திறந்தால் டாக்டர்களே மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு நன்றியும் சொல்வார்களாம். அப்பா ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்டுகளைப் பராமரிக்கிறவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய்விட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வேலை. அவருக்கென்று ஒரு மொபெட் உண்டு. அதை அவர் வண்டி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மோட்டார் சைக்கிள் அம்மாவின் அப்பாவுடையது. இரண்டு சிலிண்டர், வயிறு பெருத்த டேங்க், இப்போது யாரும் தயாரிக்காத வகை. தாத்தாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோது சாவி மூத்த மருமகனிடம் போயிற்று. அதுவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்று பார்த்தவர் இளைய மருமகன். "மூத்தவருக்குக் குடுக்கறதுதானே முறை" என்றார் தாத்தா. "அதான் சரி மாமா" என்றார் அப்பா. அந்தச் 'சரி' அவர் தொண்டையை விட்டுக் கீழே இறங்கவேயில்லை. தாத்தா காலமாகிப் பல வருடங்கள் கழித்து, பெரியப்பா அதன் சீட்டுக்குப் புலிக்கோடு போட்ட உறை மாட்டிக்கொண்டு வந்தார். அன்று அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "புலியாம்" என்று கை கழுவும்போது குழாயிடம் சொன்னார்.

மழைக்காலம் வந்தால் வண்டி இருமும். ஒரு சிலிண்டர் எரியும், மற்றது யோசிக்கும். மெக்கானிக்குகள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்கள். கடைசியில் ஒருநாள் பெரியப்பா அதைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். இரண்டு தெருதான். ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"போதும்டா சாமின்னு ஆயிடுச்சு தம்பி. ஒண்ணு வண்டி வீட்டை விட்டுப் போகணும், இல்ல நீங்க போகணும்ங்கறா உன் அண்ணி."

"அக்கா ரெண்டாவதுக்குத்தான் ஆசைப்படுவா, அத்தான்" என்றாள் அம்மா.

"ரெண்டு அக்கா தங்கச்சிக்கும் ஒரே வாய்." பெரியப்பா சிரித்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "கடைசியா நீ ஒரு கை பாரு. ஓடுச்சுன்னா என்கிட்ட இருக்கட்டும். ஓடலைன்னா உன்கிட்டயே கெடக்கட்டும். நீயாவது துடைச்சு வெச்சு அழகு பாப்ப."

அப்பா செய்தித்தாளை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். ஒழுங்காகப் பழுது பார்த்தால் வண்டி போய்விடும்; பார்க்கத் தவறினால் அவருடையது. இப்படி ஒரு வேலையை எந்த மேலதிகாரியும் அவருக்குத் தந்ததில்லை.

நோய் என்னவென்று அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் வண்டியை நிறுத்தி, கதவையும் ஜன்னலையும் சாத்தி, இருட்டில் கிக்கரை மிதித்தார். தீப்பொறி கிளப்பும் காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் வயர்களின் மேல் நீல நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஓடி மறைந்தது. மின்மினியை நசுக்கியது போல.

"பாத்தியா? வயரு வெடிச்சிருக்கு. நெருப்பு பிளக்குக்குப் போகாம வழியிலயே கொட்டுது" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது, முகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புது வயர் வாங்கி வந்தார். பெரியப்பாவும் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்பா டேங்கைக் கழற்றினார். பழைய வயர்களில் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சிவப்பு கொஞ்சம் நீளம். புதிதாக வாங்கியது ஒரே கறுப்புச் சுருள். அதை ஒரே அளவாக, இழைகூட வித்தியாசமில்லாமல் வெட்டினார். எதிலும் சமம் பார்க்கிற ஆள். வேலையிடத்தில் எந்த வயரைக் கழற்றுவதற்கு முன்னாலும் அதற்கு எண்ணெழுதிய டேப் ஒட்டிவிடுவார். வீட்டில் மின்விசிறியைக் கழற்றினால்கூட ஒட்டுவார். அன்று ஒட்டவில்லை. காரணம், பெரியப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா சாவியக் குடுக்கும்போது என்ன சொன்னாரு தெரியுமா? 'மாப்பிள்ளை, இது முரட்டுக் குதிரை. உங்க கைக்குத்தான் அடங்கும்'னாரு."

அப்பா பழைய வயர்களைக் காயிலிலிருந்து உருவினார்.

"உன்னைப் பத்தியும் சொன்னாரு, சொல்லலைன்னு இல்ல. 'சின்னவரு நல்லாத் துடைப்பாரு'ன்னாரு."

அப்பாவின் காது மடல் சிவந்தது. புது வயர்களைச் செருகினார், திருகினார், வயர் நுனி மூடிகளைப் பிளக்கில் அழுத்தினார். டேங்கைப் பூட்டி எழுந்து நின்றார்.

பெரியப்பா மிதித்தார். வண்டி முதலில் கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. மறுபடி மிதித்தார். சைலன்சரில் 'டமால்' என்று ஒரு வெடி. எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்து வீட்டுப் போலீஸ்காரர் பனியனோடு வெளியே வந்து, "யாரு சார் சுடறது?" என்றார்.

பெரியப்பா சாவியை எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் போட்டார். "சொன்னா சொன்னதுதான். உன்கிட்டயே இருக்கட்டும்" என்று நடந்தே போய்விட்டார். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுப் போகிறவர் மாதிரி.

அவர் மறைந்ததும் அப்பா குனிந்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. சத்தியமாக அதற்கு முன் தெரியாது. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இடது வயர் வலதில், வலது இடதில்.

"என்னப்பா?"

"நெருப்பு வருது. வர வேண்டியவனுக்கு வரல, பக்கத்துல இருக்கவனுக்குப் போகுது" என்றார். மூடிகளைக் கழற்றி மாற்றிப் போட்டு ஒரே மிதி. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து பாடின. அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"ஓடுதே!"

அப்பா உடனே அணைத்தார். "இல்ல."

"என்ன இல்ல? இப்பதானே ஓடுச்சு?"

"ஓடல" என்று சொல்லிவிட்டு, வயர்களைப் பழையபடி தப்பாகவே மாட்டினார்.

வண்டி அவருடையதாயிற்று. ஆனால் இரண்டு தெருவுக்குக் கேட்கும் குரல் அதற்கு. ஓட்டினால் பெரியப்பாவுக்குத் தெரியும், தெரிந்தால் போய்விடும். எனவே அப்பா அதைத் துடைத்தார். புலிக்கோட்டு உறையைக் கழற்றி எறிந்தார். சில மாலைகளில் கதவைச் சாத்திக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "மாமா சரியாத்தான் சொல்லியிருக்காரு, நல்லாத் துடைக்கறீங்க" என்றாள் அம்மா.

பெரியப்பாவோ அடிக்கடி வர ஆரம்பித்தார். வண்டியின் பக்கத்தில் போய் நிற்பார். ஒருமுறை மிதித்துப் பார்ப்பார். அது வெடிக்கும். "பாவம், உன் தலையில கட்டிட்டேன்டா தம்பி" என்பார். ஒருநாள் எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் பழைய சீட்டின் அசல் உறையைக் கொண்டுவந்தார். "உனக்குப் புலி பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். அப்பவே மாத்தியிருக்கணும்."

அப்பா அதை வாங்கவில்லை. பெரியப்பாவிடம் வண்டி இருந்தபோது அந்த மனிதரைப் பார்த்து எரிந்தது போதாதென்று, இப்போது அவரிடம் வண்டி இல்லாமலும் எரிய வேண்டியிருந்தது. அவருக்குக் கொடுக்கவும் தெரிந்திருக்கிறது, கொடுத்ததற்கு வருத்தப்படவும் தெரிந்திருக்கிறது. இரண்டையும் அப்பாவைவிட நன்றாகச் செய்கிறார்.

"நகருங்க அண்ணா" என்றார் அப்பா. பெரியப்பாவின் கண்ணெதிரிலேயே மூடிகளைப் பிடுங்கினார், மாற்றி மாட்டினார், மிதித்தார். அறை அதிர்ந்தது. அலமாரியில் அம்மாவின் பாத்திரங்கள் சேர்ந்து நடுங்கின.

பெரியப்பா இரண்டு வயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பேசியே பிழைத்த மனிதர் பேச்சுக்குத் திணறியதை முதல்முறையாகப் பார்த்தேன்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா... நான் போனப்புறமா?"

"தெருமுனையில திரும்பிப் பாத்தீங்களே, அதுக்கு அடுத்த நிமிஷம்."

பெரியப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கொண்டுவந்த உறையை மொபெட்டின் மேல் வைத்தார். வண்டியை வாசலுக்கு இறக்கி, ஏறி உட்கார்ந்து கிளம்பினார்.

அப்பா வாசலிலேயே நின்றார். சத்தம் சுத்தமாக, சீராக, தெருவின் சுவர்களில் பட்டுப் பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் செய்த வேலை அது; அவ்வளவு நன்றாக அந்த வண்டி தாத்தா காலத்தில்கூட ஓடியிருக்காது.

"உள்ள வாங்க" என்றாள் அம்மா.

"இரு" என்று கையைக் காட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். தெரு திரும்பும் இடத்தில் சத்தம் ஒரு நொடி தடுக்கி, கரகரத்து, மறுபடி சேர்ந்துகொண்டது.

"கேட்டியா?" என்றார் என்னிடம். இத்தனை வருடமும் 'அண்ணா' தவிர வேறு சொல் வராத வாய் அது. "கியர் மாத்தத் தெரியுதா பாரு அவனுக்கு."