வாய்தாவுக்குப் போக ஓர் ஆள்

என் மாமனாருக்கு மறதி நோய் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் "வயசாயிடுச்சுல்ல" என்று மழுப்பினேன். அந்தப் பொய்க்காகப் பிற்பாடு நன்றாகவே அனுபவித்தேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கணவர் துபாயில் இருந்தார். வீட்டில் நானும் மாமனாரும்தான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர் நாற்பது வருடமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தை, மிராசுதாரரின் பேரன் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். மாமனாருக்காக வாய்தாதோறும் நான் தஞ்சாவூர் போய் நிற்க வேண்டும். அவரைத் தனியாக விட்டு எப்படிப் போவது? கதவு திறந்திருந்தால் வாய்க்காலுக்குப் போய் அடுத்தவர் வயல் மடையைத் திறந்துவிட்டு வந்துவிடுவார். இரண்டு வாய்தா தவறிப்போயிற்று. "அடுத்ததுக்கும் வரலைன்னா, நீங்க இல்லாமயே தீர்ப்பு சொல்லிடுவாங்கம்மா" என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

ஒரு நாள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாமனாரின் தம்பியைக் கேட்டேன். "நிலத்த விட்டுட்டு மனுசன நிம்மதியா பாத்துக்க வேண்டியதுதானே" என்றார், எங்கள் வீட்டில் சாப்பிட்ட கை காய்வதற்குள். உழுகிறவனுக்கே நிலம் என்று மேடை மேடையாகத் தொண்டை கிழியக் கத்தியவர் அவர்.

அப்போது ஒன்றியத்தில் ஒரு திட்டம் இருந்தது. மறதிக்காரர்களின் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வாள். ஆட்சி மாறியபோது பலகையில் படம்தான் மாறியது. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சேர்த்து அப்போதும் ஒரே பெண்தான். அவளை யார் வீட்டுக்கு அனுப்புவது என்பதை, நர்ஸ் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதுவார்.

நர்ஸ் வருகிறார் என்றதும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வீட்டைக் கழுவிவிட்டேன். மாமனாரைக் குளிப்பாட்டி, சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி நாற்காலியில் உட்கார வைத்தேன். மூத்திர நாற்றமடித்த பாயைக் கொல்லையில் ஒளித்தேன். வீட்டுப் பெரியவரை வெளி ஆளுக்கு முன்னால் அழுக்கோடு உட்கார வைப்பார்களா?

"குறுவைக்கு எப்படிங்கய்யா நாத்து விடுவீங்க?" என்று நர்ஸ் பேச்சுக் கொடுத்தார். விதை ஊறப்போடுவதிலிருந்து நடவு வரைக்கும் மாமனார் பிசகில்லாமல் சொன்னார். என்னைக் காட்டி, "இவங்க யாருங்கய்யா?" என்று கேட்டபோதுதான் திருதிருவென்று விழித்தார். அதுதான் நர்ஸ் பார்க்க வேண்டிய விழிப்பு. நானோ முந்திக்கொண்டு, "மருமகதாங்க" என்றேன். "தெளிவாத்தாங்க இருக்காரு" என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மாமனாரைக் கையில் பிடித்துக்கொண்டே ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். இன்னொரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். "ஊர் சுத்தப் போறதுக்கு ஆளு வேணுமாம்மா?" என்று கிளார்க் சிரித்தார். "ஒரு நாளைக்கு வந்து பீ அள்ளிப் பாருங்க. அப்புறம் சிரிக்கலாம்" என்றேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் மறுபடி வருவார் என்று எழுதி வாங்கிய பிறகுதான் எழுந்தேன்.

நர்ஸ் மறுபடி வந்த காலையில் நான் எதையும் தொடவில்லை. பாய் போட்ட இடத்தில் கிடந்தது. ஈர வேட்டி, முகமெல்லாம் காய்ந்த சோறு. என் கை எத்தனை தடவை விளக்குமாற்றுக்குப் போய்த் திரும்பியதோ. அவரை அப்படி ஒருத்தர் பார்க்க விட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது.

நர்ஸ் என்னைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நடவு ஆளுங்க. விடிஞ்சதுலேருந்து குனிஞ்ச தல நிமிரல. மத்தவங்கள்லாம் கஞ்சி குடிக்கப் போயாச்சு. இத மட்டும் யாரும் கூப்புடல" என்றார். பிறகு நர்ஸையே நடவு மேற்பார்வைக்கு வந்தவர் என்று நினைத்து அதட்டினார். "அதுவும் மனுசிதானே. செத்த நேரம் விட்டாத்தான் என்ன?"

நர்ஸ் எழுதிக்கொண்டார். அடுத்த வாய்தாவுக்கு நான் தஞ்சாவூர் போனேன்.

அந்தக் குடும்பத்தில் எனக்காக ஒருத்தரிடம் கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.