ஸ்லாட்டுக்குள் ஊதியபோது

நான் இப்போது எதையும் வாயால் ஊதுவதில்லை. சூடான டீயை, தூசி படிந்த கீபோர்டை, அக்கா மகளின் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை... எதையும். காரணம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் இது போன ஐப்பசி மழையில், பள்ளத்தூரில், எனக்கு நடந்தது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் அருண் ஜோசப். காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளத்தூரிலிருந்து நாச்சியம்மை ஆச்சி போன் செய்திருந்தார்கள். அவர்கள் கணவர் சத்தியமூர்த்தி வாயில் புற்று வந்து இறந்து ஆறு வருடம். நாக்கை எடுத்துவிட்டதால் கடைசி ஒரு வருடம் அவருக்குப் பேச்சே இல்லை. அவர் குரல் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான். வீட்டிலிருந்த பழைய டெஸ்க்டாப்பில், ஒரு வீடியோவில். மகள் கிருத்திகா எட்டு வருடம் முன்பு சென்னைக் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, அவள் கல்யாணத்தில் பேசப்போவதை இப்போதே பேசிப் பார்ப்பதாக விளையாட்டுக்குப் பதிவு செய்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கல்யாணம். வீடியோவை பென் டிரைவில் ஏற்றப் போனாலே நீலத் திரை வந்து மெஷின் நின்றுவிடுகிறது. டிஸ்க்கோ பழைய பட்டை வயர் ரகம். கழற்றினாலும் என்னிடமிருந்த எந்த மெஷினிலும் பொருந்தாது. அந்த மெஷினைச் சரிசெய்தால்தான் உண்டு.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போனேன். பெட்டியின் பக்கத் தகடு ஏற்கெனவே கழற்றிக் கிடந்தது. குனிந்தேன். குப்பென்று ஒரு நாற்றம்.

எலி செத்த நாற்றம் இல்லை. பல நாள் துலக்காத வாயை முகத்துக்கு நேரே திறந்தால் வருமே, அது. அதோடு கொஞ்சம் சீழ்.

கிருத்திகா நிலைப்படியில் நின்று சிரித்தாள். "என்னண்ணே, மூக்கைப் பிடிக்கிறீக? உள்ள எலி குடித்தனம் பண்ணுதா?"

"உங்களுக்கு நாறலையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஆத்தா, உனக்கு ஏதும் நாறுதா?"

"போடி, காலையிலதான் சாம்பிராணி போட்டேன்" என்றபடி ஆச்சி காபியோடு வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். உதட்டுக்குள் ஒரு வாரமாகப் புண். சூடு பட்டால் எரிந்தது.

"வெத்தலை, பாக்கு எதுவும் போடுறீகளா?"

"அதெல்லாம் இல்லாச்சி. உடம்புச் சூடுதான்."

வேலையைத் தொடங்கினேன். உள்ளே ராம் என்கிற மெமரிப் பட்டைகள் இரண்டு இருந்தன. முதலாவதை மட்டும் போட்டு மெமரி டெஸ்ட் ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டாவதை மட்டும் போட்டேன். சிவப்பு. அதைச் செருகும் ஸ்லாட்டை மாற்றினேன். அதே சிவப்பு. என் பையிலிருந்த நல்ல ராமைப் போட்டேன். அதுவும் அதே முகவரியில், அதே இடத்தில் தப்புக் காட்டியது. வேறு வேறு ராம் ஒரே இடத்தில் கெட்டிருக்க முடியாது.

ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்தேன். ரப்பர்த் தூள் உலர்ந்து உதிரவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது. இளஞ்சிவப்பாக... கொழகொழவென்று.

துணியால் ஸ்லாட்டைத் துடைத்தேன். துணியை எடுத்தபோது நூல்போல ஒன்று நீண்டு வந்தது. எச்சில்!

எழுந்து போயிருப்பேன். ஆனால் ஆச்சி வாசலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவுக குரலு கெடைச்சிரும்ல தம்பி?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார்கள்.

"கெடைச்சிரும் ஆச்சி."

ஆறு பத்துக்கு மின்சாரம் போனது. ஆச்சியும் கிருத்திகாவும் விளக்கேற்றப் போனார்கள். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செல்போன் டார்ச்சைப் பெட்டிக்குள் அடித்தேன்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மெல்ல... இந்தப் பக்கம் அரைச் சுற்று. நின்றது. அந்தப் பக்கம் அரைச் சுற்று. நின்றது.

ஸ்ஸ்ஸ்... ஹா... ஸ்ஸ்ஸ்... ஹா...

மழைக்காற்று என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்லாட்டில் தூசி போக, வாயை அருகே வைத்து ஊதினேன்.

ஃபூ...

திரும்பி ஊதியது.

வெதுவெதுப்பாக. ஈரமாக. நேரே என் திறந்த வாய்க்குள்.

"சீ... கருமம்!"

பின்னால் விழுந்தேன். உதட்டில் ஏதோ வழிந்தது. புறங்கையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

மின்சாரம் வந்தது. ராமைப் போட்டு, பிளக்கைச் செருகி டெஸ்ட் ஓட்டினேன். ஒரு சிவப்பு வரிகூட இல்லை. நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

வீடியோவை ஏற்றிவிட்டு, போட்டுக் காட்டினேன். நல்ல கணீர்க் குரல். "கிருத்திகா, அப்பச்சி பேசுறேன். மாப்பிள்ளை ஒன்னைய அடக்குறேன்னு சொன்னா, பாவம், அவருக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்..." கிருத்திகா சிரித்தாள். ஆச்சியால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். மகளும் பின்னாலேயே ஓடினாள்.

கடைசிவரை பார்த்தது நான் மட்டும்.

பேசி முடித்ததும் மெஷின் கொஞ்சம் உறுமுகிறது. "தூசி அடைச்சிருச்சுபோல" என்று அவர் பெட்டிப் பக்கம் குனிகிறார். வாயை வைத்து ஊதுகிறார்.

ஃபூ...

உடனே பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"சீ... கருமம்!"

என் குரல்.

அவர் துள்ளி எழுகிறார். துண்டால் உதட்டைத் துடைக்கிறார். மறுபடி மறுபடி துடைக்கிறார். "யாருடா அது? சீ... என்னா வாய் நாத்தம்!" அதோடு வீடியோ முடிகிறது.

அந்தக் கடைசி இடத்தை மட்டும் வெட்டிவிட்டு பென் டிரைவைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஆச்சி போன் செய்தார்கள். "மண்டபமே அழுதுச்சு தம்பி. நல்லா இருப்பீக." நான் கேட்டேன். அவருக்கு நோய் எப்போது வந்தது?

"பாப்பா காலேஜுக்குப் போன மறுநா. உதட்டுக்குள்ள வெள்ளையா ஒரு பொட்டு. பெட்டிக்குள்ள ஊதுனேன், எவன் எச்சியோ வாயில பட்டுருச்சும்பாக. நாங்க சிரிப்போம். பூட்டுன வீட்டுக்குள்ள எவன் வந்து துப்புவான்னு..."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். வாயைத் திறந்தேன். கண்ணாடியில் மோதித் திரும்பியது... அதே நாற்றம்.

கீழுதட்டைப் புரட்டினேன்.

குருணை அளவில், வெள்ளையாக ஒரு பொட்டு. அது பள்ளத்தூரில் எனக்கு ஒட்டியதல்ல, நான் அங்கே கொண்டுபோனது. அங்கே போவதற்கு ஒரு வாரம் முன்பே என் உதட்டில் இருந்தது.