சந்தைக் குப்பைக்கு வந்த வண்டிகள்

நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், சந்தைப்பேட்டையில் நாங்கள் கூட்டிச் சேர்த்த குப்பைமேடு இன்றும் கண்ணில் நிற்கிறது. பலாச்சக்கை, கிழிந்த வாழையிலை, அழுகிய கத்தரிக்காய், மாட்டுச் சாணம் எல்லாம் சேர்ந்து என் உயரத்துக்கு இருந்தது. ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர், ஐம்பதுகளின் கடைசி. அப்போதுதான் மாதர் சங்கம் தொடங்கியிருந்தார்கள். சந்தை கலைந்த மறுநாள் காலையில் துடைப்பமும் கையுமாகப் பெண்கள் போய்க் கூட்டுவோம். அடுப்படியே கதியென்று கிடந்த எனக்கு அதுதான் திருவிழா. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், பேட்டையும் சுத்தமாகிவிடும்.

ஆனால் சேர்த்த குப்பையை அள்ளத்தான் நாதியில்லை. ஆடு கிளறும், காற்று வாரியடிக்கும், இரண்டு நாளில் பேட்டை பழையபடி ஆகிவிடும். டீக்கடையில் எங்களைக் கேலி பேசியது என் மாமியார் காதுக்குப் போய்விட்டது. "ஊரே சிரிக்குது. இந்த வாரமும் அந்தக் குப்பை அங்கேயே கெடந்துச்சுன்னா ஒனக்குச் சங்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

சங்கத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பஞ்சாயத்து பிரசிடெண்டிடம் போய், குப்பையை அள்ள வண்டி கேட்டோம். கூட்டத்தில் தூங்குகிறவர் என்று அவருக்குப் பெயர். தூங்கினாலும் காது மட்டும் விழித்திருக்கும். "வண்டி வாடகை குடுக்க ரூல்ல எடமில்லைங்க" என்று கிளார்க் இழுத்தார். பிரசிடெண்ட் தொந்தி குலுங்கச் சிரித்தார். "வாடகை எதுக்குய்யா? நாம இதக் குப்பைங்கிறோம். கடலைக் கொல்லைக்காரனும் எருவக் குப்பைன்னுதானய்யா சொல்றான்!" பிறகு எங்களிடம், "கண்ணாடிச் சில்லு, தகரம், முள்ளு மட்டும் தனியாப் பொறுக்கிப் போடுங்க ஆத்தா. மத்ததப் பஞ்சாயத்து பாத்துக்கிரும்" என்றார். கண்மாய் வேலைக்கு வாங்கிய கூடைகளையும் மம்பட்டிகளையும் எடுத்துக் கொடுத்தார். சில்லைப் போட்டு மூட ஆள் விட்டுக் குழியும் வெட்டித் தந்தார். சாயங்காலமே தமுக்கு அடித்தார்கள்: "வண்டியோட வர்றவுக சந்தைக் குப்பைய அள்ளிக்கலாம், காசு வேணாம்!"

மறுநாள் விடிந்ததும் நாங்கள் குப்பையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே மணிச் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக மாட்டு வண்டிகள். யார் முதலில் வந்தது என்று இருவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள, பிரசிடெண்ட் நடுவில் புகுந்து, "என்னப்பா, குப்பைக்கா இந்த அடிதடி? வரிசையா வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்றைக்கு எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது; வாசலில் வாளியோடு நிற்பதோடு நம் வேலை முடிந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குப்பைக்காக ஊர் கூடிச் சிரித்த அந்தச் சந்தோஷம் அதில் இல்லை.

மேடு பாதி கரைந்திருந்தபோது இன்னொரு வண்டி வேகமாக வந்தது. மாடுகளைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவை எங்கள் வீட்டு மாடுகள். வண்டிக்கு முன்னால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என் மாமியார். "ஒத்துங்கய்யா அங்கிட்டு! எங்க வீட்டுப் பொண்ணு கூட்டுன குப்பைய அடுத்தவன் கொல்லைக்கு விடுறதா?" என்று அதட்டிவிட்டு, அவரே கூடையெடுத்து அள்ள ஆரம்பித்தார். வண்டி நிறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, அடுத்த வாரம் இன்னும் நாலு பொம்பளைகளச் சேத்துக்கங்க. தென்னந்தோப்புக்கும் குப்பை அடிக்கணும்."